கறை படாத கல்

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார். "என்னம்மா, கல்லுக்குத் திருஷ்டி கழிக்கவா?"

"இல்லப்பா, கல்லைப் பார்க்க" என்றாள் அம்மா. பழத்தை ரெண்டாக அறுத்துத் தரச் சொன்னாள்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், லாரிகள் திரும்பும் அளவுக்குப் பெரிய வெட்டவெளி. ஆளுயரக் கற்பலகைகள் நூலக அலமாரியில் புத்தகம் சாய்ந்திருப்பதுபோல அடுக்கடுக்காகச் சாய்ந்திருந்தன. வீட்டு வேலை முடியும் கட்டம். சமையல் மேடைக்குக் கல் எடுக்கப் போயிருந்தோம். எடுக்கப் போனோம் என்பது அம்மாவின் நினைப்பு. நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன். போனில் நாற்பது படங்கள் சேமித்து வைத்திருந்தேன். எல்லாமே வெள்ளை, நடுவில் புகை கலைந்ததுபோல ஒரு சாம்பல் நரம்பு. குவார்ட்ஸ்.

அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இது: "இதுல பால் கொட்டுனா மட்டுந்தான்டா தெரியாது."

பிறகு கடப்பா, கருப்பு கிரானைட், மார்பிள், என் வெள்ளை குவார்ட்ஸ் என நான்கு துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்துத் துடைத்தோம். கடப்பாவிலும் மார்பிளிலும் வட்டமாக ஒரு மங்கல். மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. "பாத்தியாம்மா, குவார்ட்ஸ் பாஸ்" என்றேன். என் கல் ஜெயித்துவிட்டது. ஆனால் அடுத்த இரண்டு வாரம் அந்தக் கல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க அது தோற்றுக்கொண்டே வந்தது. அந்தத் தோல்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேடை என்ற சொல்

சமையல் செய்யும் இடத்துக்கும் நாடகம் போடும் இடத்துக்கும் தமிழில் ஒரே சொல்தான். கட்சிக்காரர் பேசுவதும் மேடை, சாம்பார் கொதிப்பதும் மேடை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் இன்று சமையல் மேடையின் படங்களைப் பார்க்கும்போது, நாம் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொண்டோமோ என்று தோன்றுகிறது.

என் போனில் இருந்த நாற்பது படங்களையும் ஒரு விமர்சகனைப்போல மறுபடி பார்த்தேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சைகள், முழுசாக, அறுபடாமல். மண்தொட்டியில் ஒரு செடி. ஒரு மரப்பலகை, அதன் மேல் வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லை. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, எண்ணெய்த் தூக்கு இல்லை, அஞ்சறைப்பெட்டி இல்லை, கரித்துணி இல்லை. நாற்பதில் ஒன்றில்கூட யாரும் சமைத்துக்கொண்டிருக்கவில்லை. நாற்காலியில் எவரும் உட்காராத நாற்காலி விளம்பரத்தை நாம் ஏற்போம். காரணம், உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. இங்கே விஷயம் அதுவல்ல. சமைத்தால் இந்தக் கல் தெரியும், ஆனால் அழகாகத் தெரியாது.

ஆக, விற்கப்படும் பொருள் கல் இல்லை, ஒரு வாக்குறுதி. இங்கே நடக்கும் வேலை எதுவும் தடம் விடாது. கறை படாது, கீறல் விழாது, மங்காது. அந்த வாக்குறுதியைத்தான் நான் காசு கொடுத்து வாங்கப் போயிருந்தேன்.

அம்மாவின் பழைய வீட்டு மேடை கடப்பாக் கல். இருபத்தாறு வருடம். அதில் அடுப்புக்கு இடப்பக்கம் ஒரு வெளிறிய தடம் உண்டு, ஏதோ தீவின் வரைபடம்போல. "அது மாவு பொங்குன தடம்டா. நீ பத்தாவது பரீட்சை எழுதுன கோடையில. ராத்திரி பொங்கி வழிஞ்சிருக்கு, காலையிலதான் பார்த்தேன்" என்பாள். சிங்க் ஓரத்தில் புளி கரைக்கும் பாத்திரத்தின் அடிவட்டம். ஜன்னல் பக்கம் சப்பாத்தி தேய்த்துத் தேய்த்து ஒரு முழம் இடம் மட்டும் பளபளப்பு. அந்த மேடையை அம்மா வாசிப்பாள். நான் அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொத்திய கல்லும் தேய்த்த கல்லும்

நம் சமையலறைக்குள் கல் நேற்று வந்ததில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரும்பாலும் கருங்கல்தான். இன்று கிரானைட் என்று நாம் அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்ததே அதுவும். ஆனால் ஒரு வித்தியாசம். அம்மியைப் பராமரிப்பது என்றால் அதைச் சொரசொரப்பாக்குவது. அரைத்து அரைத்து வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் மசியாது, வழுக்கும். அதனால்தான் உளியும் சுத்தியலுமாகத் தெருவில் ஒருவர் "அம்மி கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு இரண்டு தடவை அரிசியை அரைத்துக் கொட்டிக் கல்தூளைப் போக்குவார்கள்.

இன்றைய மேடையைப் பராமரிப்பது என்றால் அதன் வழவழப்பைக் காப்பது. கல் அதே கல். கொத்தினால் கருவி, தேய்த்தால் கண்ணாடி. முன்னது எவ்வளவு உழைக்கிறது என்பதை வைத்து மதிக்கப்பட்டது. பின்னது எவ்வளவு உழைக்காததுபோலத் தெரிகிறது என்பதை வைத்து.

இங்கே ஒரு நிறுத்தம் போட வேண்டும். இப்படி எழுத ஆரம்பித்தால் அடுத்த பத்தியில் "அந்தக் காலத்தில்" என்று ஏக்கம் வந்துவிடும். அம்மி அரைத்த யாரிடமும் அந்த ஏக்கத்தை நான் கண்டதில்லை. என் பாட்டி மிக்ஸி வாங்கிய அன்றே அம்மியைக் கொல்லைப்புறம் தள்ளினாள். அருவாமனையில் குந்தி உட்கார்ந்து காய் நறுக்கி, எழுந்து, குனிந்து அடுப்பூதி, மறுபடி உட்கார்ந்து என்று கழிந்த முதுகுகளுக்குச் சமையல் மேடை ஒரு விடுதலைதான். கேஸ் அடுப்பு வந்தது, கூடவே நின்று சமைக்கும் மேடை வந்தது. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. என் கேள்வி வேறு. வேலைக்காக உயர்த்திக் கட்டிய இடம், எப்போது வேலையை மறைக்கும் இடமாக மாறியது?

மேடையின் உயரம் யாருடைய உயரம்?

1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று நாம் 'மாடுலர் கிச்சன்' என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் மூத்த அக்கா அதுதான். அவர் கல்லின் நரம்பு எப்படி இருக்க வேண்டும் என்று தொடங்கவில்லை. ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறாள், எங்கே குனிகிறாள் என்று தொடங்கினார். ஜன்னலுக்குக் கீழே வேலைப்பலகை, அதன் முன் சுழலும் முக்காலி. உட்கார்ந்து காய் நறுக்கலாம், வெளிச்சம் கையில் விழும்.

அந்தச் சமையலறையின் மேல் குறையும் உண்டு. ஒரே ஒரு ஆள் நிற்கும் இடம் அது. வேலையை எளிதாக்கியது, ஆனால் அந்த வேலை ஒரு பெண்ணுடையது மட்டுமே என்பதைச் சுவர் வைத்து உறுதியும் செய்தது. பெண்ணிய விமர்சகர்கள் இதைப் பின்னால் சரியாகவே கேட்டார்கள். ஆனாலும் அவர் தொடங்கிய இடம் முக்கியம். உடம்பு முதலில், பொருள் பிறகு. நம் ஊர் ஷோரூமில் வரிசை தலைகீழ்.

எங்கள் கொத்தனார் மேடைக்கு மூணு அடி குறித்து வைத்திருந்தார். "எல்லா வீட்டுக்கும் அதானே சார்." அம்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பழைய வீட்டிலும் அதே மூணு அடி. வலது தோள்பட்டை வலிக்கு மூன்று வருடமாகத் தைலம். கடாயில் கிளறும்போது அம்மாவின் முழங்கை தோளுக்கு ஏறுவதை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

கணக்கு எளிதுதான். நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். நறுக்கும், பிசையும் இடத்தின் உயரம் அதுவே. அம்மாவுக்கு முழங்கை 37 அங்குலம், மேடை 32. அடுப்பு வைக்கும் இடம் இன்னும் கொஞ்சம் தாழலாம், ஏனென்றால் அடுப்பும் பாத்திரமும் சேர்ந்து உயரத்தைக் கூட்டிவிடும். சிங்க் இருக்கும் இடம் கொஞ்சம் உயரலாம், ஏனென்றால் தொட்டியின் அடி கீழே போய்விடும். இத்தனைக்கும் ஒரு டேப்பும் பத்து நிமிடமும் போதும். கல்லின் நிறத்துக்கு நான் ஒதுக்கியது ஆறு மாதம்.

படத்தில் கசிந்த குழாய்

சமையலறையைப் பற்றி நம் மொழியில் பேசும்போது அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் கதையில் சமையலறையை மாற்றியமைக்க வேண்டும் என்று ஒரு மருமகள் பேசுகிறாள். அந்தப் பேச்சை வீடு எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பதில் முழு வீட்டின் அதிகாரமும் வெளியே வந்துவிடுகிறது. சமைப்பவள் இடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா என்பதுதான் அங்கே பிரச்சினை.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021இல் மலையாளத்தில் வந்தது. 2023இல் ஆர். கண்ணன் தமிழில் எடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதிகாரம், தீட்டு, சபரிமலை என்று. எனக்கு இப்போது மறுபடி பார்க்கும்போது உறைப்பது சிங்குக்கு அடியில் கசியும் குழாய். பிளம்பரை வரச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கிறாள். கணவன் மறந்துபோகிறான். வேண்டுமென்றே செய்யும் கொடுமையும் இல்லை அது, வெறும் மறதி. அந்த நீரை அள்ளுபவன் அவன் இல்லை என்பதால் வரும் மறதி. படத்தில் மாமனார் சட்னி கல்லில் அரைத்தது வேண்டும் என்கிறார், சோறு விறகடுப்பில் வெந்தது வேண்டும் என்கிறார். பொருளின் ருசி அவருக்குத் தெரியும், அதன் பராமரிப்பு தெரியாது.

பராமரிப்பு என்பது இதுதான். நடந்தால் கண்ணில் படாது, நடக்காவிட்டால் மட்டுமே தெரியும். 'கறை படாத கல்' என்ற வாக்குறுதியை இப்படி வாசித்தால் அதன் பொய் பிடிபடுகிறது. கறை படாத கல் என்று எதுவும் இல்லை. உடனுக்குடன் துடைக்கப்பட்ட கல் உண்டு. வெள்ளை மேடையை விரும்பியவன் நான். துடைக்கப் போகிறவள் அம்மா. என் ரசனைக்கு அம்மாவின் மணிக்கட்டை ஜாமீன் வைத்திருந்தேன். படத்தில் வரும் அந்தக் கணவனுக்கும் எனக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை.

கல்லுக்குக் கல்

இங்கே கொஞ்சம் கறாராகப் பேசிவிடலாம். வீடு கட்டுபவர்கள், வாடகை வீட்டில் மேடை மங்கியதற்கு அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுபவர்கள், எல்லாருக்கும் பயன்படும்.

கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகை. அமிலம் பட்டால் மேல்தோல் அரிக்கப்படும். எலுமிச்சை, புளி, வினிகர், புளித்த மாவு எல்லாமே அமிலம்தான். அம்மாவின் 'தீவு' கறையே இல்லை, கல் கரைந்த பள்ளம். அதனால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதன்மேல் ஊற்றவே கூடாது. மங்கிய இடத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருமை திரும்பும், கொஞ்ச நாளைக்கு. மார்பிளுக்கும் இதே பலவீனம். கூடவே அது வெளிர்நிறம் என்பதால் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கிரானைட் அமிலத்துக்கு அசையாது. சூடான கடாயை இறக்கி வைத்தாலும் பொதுவாகத் தாங்கும். ஆனால் வெளிர்நிற கிரானைட்டில் நுண்துளைகள் அதிகம், எண்ணெய் இறங்கும். வாங்கும் முன் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி கால்மணி நேரம் பாருங்கள். ஊற்றிய இடம் கருத்தால் கல் குடிக்கிறது என்று அர்த்தம், சீலர் பூசாமல் விடக்கூடாது. கருப்பு கிரானைட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி புவியியல்படி கிரானைட்டே கிடையாது. டோலரைட், கேப்ரோ போன்ற இறுகிய தீப்பாறைக் குடும்பத்துக் கற்கள். அவை ஏறக்குறைய எதையும் குடிப்பதில்லை. ஆனால் சாம்பல் கல்லுக்குக் கருஞ்சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. நகச்சாயம் அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்தால், துணி கருத்துவிடும், குட்டு வெளிப்படும்.

குவார்ட்ஸ் மேடை என்பது மலையிலிருந்து அப்படியே வருவதில்லை. குவார்ட்ஸ் கல்லை அரைத்து, பிசினைக் கலந்து, அழுத்தி வார்ப்பது. எடையில் 90 சதவீதமும் அதற்கு மேலும் கல், மீதி பிசினும் நிறமியும். தண்ணீர் குடிக்காது, புளி அரிக்காது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை நேரே வைத்தால் பிசின் கருகித் தடம் விழும், அது நிரந்தரம். நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் மாறும்.

மஞ்சள் எல்லாருக்கும் பொது எதிரி. மஞ்சள் கறைமேல் சோப்பைப் போட்டதும் அது சிவக்கும், பயந்துவிடாதீர்கள். மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும் குணம் உண்டு, ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் நடப்பது அதேதான். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் சில நாளில் தானாக வெளுத்துவிடும். கல்லைப் பாதுகாக்க இரும்பு நார் வேண்டாம், ஈரத்துணியும் பாத்திரம் தேய்க்கும் சோப்பின் ஒரு சொட்டும் போதும். சிங்கும் கல்லும் சேரும் இணைப்பில்தான் உண்மையில் மேடை கெடுகிறது. அங்கே பூசிய சிலிகான் கருத்து உரிந்தால் உடனே மாற்றுங்கள்.

இவ்வளவு பேசிய பின்னும் குவார்ட்ஸ் அப்படியொன்றும் மோசமான கல்லாகத் தெரியவில்லை, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல் அறுக்கும் அண்ணனைப் பார்க்கும் வரை.

தூசு

கடைக்குப் பின்னால் கொட்டகை. சிங்குக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். கையில் கட்டர், வாயைச் சுற்றி ஒரு துண்டு. புருவம், காது மடல், கை ரோமம் எல்லாம் வெள்ளை. நாடகத்துக்கு அரிதாரம் பூசிய மாதிரி. அறுபட்டுக்கொண்டிருந்தது என் போனில் இருந்த மாதிரியான அதே வெள்ளைக் கல்.

"தண்ணி ஊத்தி அறுக்கலாமேண்ணே?"

"ஊத்தலாம் தம்பி. சேறு ஆயிடும், கோடு தெரியாது, நேரமாகும். ஒரு நாளைக்கு மூணு மேடை முடிக்கணுமே." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார்: "கிரானைட் தூசு கீழ உக்காந்துரும். இது மிதந்துக்கிட்டே நிக்கும்."

அவர் அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவ சிலிகா. அதை அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தூள் கிளம்பி நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. அங்கே தழும்பு விழுகிறது. நுரையீரல் இறுகுகிறது. அதன் பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்தும் மருந்து கிடையாது. கல் குவாரி, ஸ்லேட் பென்சில், அகேட் தொழில்களில் இந்தியாவுக்கு இது பழைய நோய்தான். ராஜஸ்தான் இதற்கென்றே 2019இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. மேடைக்கல்லில் என்ன புதிது என்றால் அளவு. இயற்கைக் கிரானைட்டில் படிக சிலிகா பொதுவாகப் பாதிக்கும் குறைவு. கருப்பு கிரானைட் வகைகளில் அதைவிட மிகக் குறைவு. வார்த்த குவார்ட்ஸில் 90 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் இஸ்ரேல், ஸ்பெயின், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என ஒவ்வொரு நாட்டிலும் மேடை அறுக்கும் இளைஞர்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள், மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். பழைய சிலிகோசிஸ் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். இது சில வருடங்களிலேயே வந்தது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தக் கல்லின் உற்பத்தி, விற்பனை, பொருத்துதல் அனைத்தையும் தடை செய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அது.

நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த கல் யாரையும் எதுவும் செய்யாது. சமைப்பவருக்கு ஆபத்தில்லை, துடைப்பவருக்கு ஆபத்தில்லை. வழவழப்பாக, அமைதியாக இருக்கும். ஆபத்து முழுவதும் அது மேடை ஆவதற்கு முன்பே, வேறொருவர் உடம்பில் நடந்து முடிந்துவிடுகிறது. வாயில் கட்டிய துண்டு அந்தத் தூளை நிறுத்தாது. தண்ணீர் ஊற்றி அறுப்பதும், காற்றை உறிஞ்சும் இயந்திரமும், சரியான வடிகட்டி முகமூடியும் சேர்ந்தால் குறையும். நாளைக்கு மூணு மேடை என்ற கணக்கில் இவை எதற்கும் இடமில்லை.

கறை படாத கல் என்றேனே, அந்தக் கறை காணாமல் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. கல்லில் விழ வேண்டியது ஒரு மனிதரின் எக்ஸ்ரேயில் விழுந்திருக்கிறது.

மலை

அப்படியானால் கிரானைட் சுத்தமா என்று கேட்டால், நாங்கள் நின்றுகொண்டிருந்த ஊரின் பெயரே பதில் சொல்லும். மேலூர். கீழவளவு, திருவாதவூர் பக்கம் போகும் யாரும் பாதியாக வெட்டப்பட்ட குன்றுகளையும் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்களையும் பார்த்திருப்பார்கள். சட்டவிரோதக் குவாரிகள் பற்றி 2012இல் பெரிதாக வெடித்த விவகாரம், 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரிக்க நியமித்ததுவரை போனது. 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார்.

இதே மேலூர் வட்டாரத்துக் குன்றுகளில்தான் தமிழின் மிகப் பழைய எழுத்துகள் சில இருக்கின்றன. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு. சமணத் துறவிகள் படுக்க யாரோ கல்லைச் செதுக்கிச் சமன்செய்து, கொடுத்தவர் பெயரைத் தமிழியில் வெட்டி வைத்தார்கள். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பெயர் இருக்கிறது. நம் மொழி முதலில் எழுதப்பட்ட தாள்களில் ஒன்று இந்த மலை. கல்லை வழவழப்பாக்குவது அன்றும் நடந்திருக்கிறது, ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு. இலக்கியம் வாசிக்கும் நாம், இந்த மலைகளின் கல்வெட்டைப் படமெடுத்துப் பகிர்ந்துவிட்டு, அதே கையால் அடுத்த படத்தில் மேடைக்கல் தேர்ந்தெடுக்கிறோம். நானும் செய்தேன்.

குற்றவுணர்ச்சியை வைத்து மேடை கட்ட முடியாது. எதன்மேலாவது அரிசி களைய வேண்டும். ஆனால் எது அழகான மேடை என்ற கேள்வியை மாற்றிக் கேட்கலாம். கண்ணுக்கு எது அழகு என்று கேட்பதை விட்டுவிட்டு, இதன் செலவு எந்த உடம்பில் விழுகிறது, அதில் எவ்வளவைக் குறைக்க முடியும் என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் பதில்கள் ஆச்சரியமாக எளிமையானவை. குறைவான கல் வாங்குவது. இருக்கும் கல்லை மாற்றாமல் வைத்துக்கொள்வது. பழைய கல்லைத் திரும்பப் போடுவது. சமைப்பவரின் முழங்கையை அளப்பது. தண்ணீர் ஊற்றி அறுக்க ஆகும் கூடுதல் நேரத்துக்குக் கூலி கொடுப்பது. துடைக்கும் துணியைக் கையில் எடுப்பது.

எங்கள் வீட்டில்

கடைசியில் அடுப்புப் பக்கத்துக்குக் கருப்பு கிரானைட் எடுத்தோம், கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல் சற்றே சொரசொரப்பான 'லெதர்' பூச்சில். அம்மாவுக்கு அதைத் தொட்டதும் பிடித்துவிட்டது. "அம்மி மாதிரி இருக்குடா" என்றாள். உயரம் 32 அங்குலம். கொத்தனார் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஜன்னல் பக்கத்துக்குப் புதுக்கல் வாங்கவில்லை. பழைய வீட்டுக் கடப்பாவைப் பெயர்த்து எடுத்து வந்தோம். ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. அதே அண்ணன்தான் வந்து வீட்டிலேயே அறுத்துக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றி அறுக்க வேண்டும், கூடுதலாக அரைநாள் கூலி என்று முன்பே பேசியிருந்தோம். ஊற்ற ஆள் வேண்டுமே என்றார். நான் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டேன். கறுப்புச் சேறு என் காலில் வழிந்தது. காற்றில் ஒன்றும் கிளம்பவில்லை.

அறுத்து முடித்துக் கல்லைத் துடைத்தபோது அந்த வெளிறிய தீவு தெரிந்தது.

"இது மாவுத் தடம் மாதிரி இருக்கேக்கா. மிஷின்ல ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும். பாலிஷ் போட்டுரவா?"

"அது கிடக்கட்டும் தம்பி" என்றாள் அம்மா. "நீங்க கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."